ஆலன் குல்விக்கி: ஐந்து வெற்றி, ஒரு சாம்பியன் பட்டம், 38 வயது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத் தொடரான நாஸ்காரில் ஆர்வம் வந்தவர்கள் எல்லோரும் எப்படியும் 1992-ஆம் ஆண்டின் கடைசிப் பந்தயத்துக்கு வந்து சேர்வார்கள். வந்தவுடன் ஆலன் குல்விக்கியைப் பற்றி ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்பார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பாயின்ட் கணக்கில் குழப்பம் உள்ளவர்கள் 10-ஆம் கேள்வியை முதலில் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வரலாம்.

1. யாருங்க இந்த ஆலன் குல்விக்கி?

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரை ஒட்டிய கிரீன்ஃபீல்டுக்காரர். 1954 டிசம்பர் 14 அன்று பிறந்தார். 1992-இல் நாஸ்காரின் உச்சப் பிரிவான வின்ஸ்டன் கோப்பையை வென்றார். தன் குழுவுக்குத் தானே முதலாளி, தானே ஓட்டுநர், காரின் அமைப்பைத் தீர்மானிக்கும் பொறியாளரும் ஏறக்குறைய தானே.

அந்தப் பிரிவில் அவர் ஓட்டிய பந்தயங்கள் 207. வெற்றி 5, முதல் பத்து இடங்களுக்குள் முடித்தது 75, தகுதிச் சுற்றில் முதலிடமான போல் 24. பட்டம் வென்ற 137-ஆம் நாள், 1993 ஏப்ரல் 1 அன்று இறந்துபோனார்.

2. ஸ்டாக் கார்னா ஷோரூம்ல விக்கிற சாதாரண கார்தானே?

1949-இல் அப்படித்தான் தொடங்கியது. ‘கடையில் இருப்பில் உள்ள கார்’ என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். குல்விக்கி வந்த காலத்தில் ஷோரூம் காரிலிருந்து மிஞ்சியது பெயரும் வெளித்தோற்றமும்தான். அவர் ஓட்டிய ஃபோர்டு தண்டர்பேர்டின் உள்ளே இருந்தது எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிய கூடு. அதன்மேல் தகட்டை வளைத்துப் பொருத்தியிருப்பார்கள். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும்.

5.9 லிட்டர் வி-8 இன்ஜின், கார்புரேட்டர், நான்கு கியர், ஏறத்தாழ 1,590 கிலோ எடை. டேங்கின் கொள்ளளவு 22 கேலன், அதாவது 83 லிட்டர். பெட்ரோல் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் டாஷ்போர்டில் கிடையாது. பிட்டில், அதாவது பந்தயத்தின் நடுவே பெட்ரோலுக்கும் டயருக்கும் கார் வந்து நிற்கும் இடத்தில், இருப்பவர்கள் கணக்குப் போட்டு ரேடியோவில் சொல்வதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 13-ஆம் கேள்வியில் உதவும்.

3. எட்டு வருஷம் ஓட்டியிருக்காரே, அதைப் போய் குறுகிய வாழ்க்கைன்னு சொல்றீங்களே?

மற்ற விளையாட்டுகளில் எட்டு ஆண்டு என்பது முழு வாழ்க்கை. ஸ்டாக் கார் பந்தயத்தில் அப்படி இல்லை. ரிச்சர்ட் பெட்டி 1958 முதல் 1992 வரை 1,184 பந்தயங்கள் ஓட்டினார். நாற்பது வயதைத் தாண்டியும் வெல்பவர்கள் இங்கே பலர். எந்த ஓடுதளத்தில் டயர் எப்போது பிடியை விடும், எப்போது பொறுத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் ஓட்டி ஓட்டித்தான் வரும்.

குல்விக்கி முதல் பந்தயம் ஓட்டியபோதே வயது 30. 1985-இல் ஐந்து பந்தயம், 1986-இல் இருபத்தொன்பதில் 23, 1993-இல் ஐந்து. முழுமையாக ஓட்டியவை 1987 முதல் 1992 வரை ஆறு ஆண்டுகள்தான். கற்றதெல்லாம் பலன் தரத் தொடங்கிய இடத்தில் நின்றுபோன வாழ்க்கை என்பதால்தான் குறுகியது என்கிறோம்.

4. இன்ஜினியரிங் படிச்சவராமே, அது ரேஸுக்கு எப்படி உதவும்?

மில்வாக்கியில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1977-இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். அவருடைய அப்பா, நார்ம் நெல்சன் என்பவரின் பந்தயக் குழுவுக்கு இன்ஜின் கட்டிக்கொடுத்தவர். ஆகவே பட்டறையும் பாடப்புத்தகமும் அவருக்கு ஒன்றாகவே வந்தன.

ஓவல் எனும் முட்டைவடிவத் தளத்தில் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்து வெளிச்சுவரை நோக்கிப் போனால் கார் ‘டைட்’. பின்பக்கம் வழுக்கினால் ‘லூஸ்’. இதைச் சரிசெய்யும் வழிகளில் முக்கியமானது, நான்கு சக்கரங்களின் மேல் எடை எப்படிப் பகிர்ந்து விழுகிறது என்பதை மாற்றுவது. பின்கண்ணாடி அருகே உள்ள துளையில் நீண்ட ஸ்பேனரை நுழைத்துத் திருகினால் ஸ்பிரிங்கின் மேல் உள்ள திருகு இறங்கும் அல்லது ஏறும். வலது முன் சக்கரம், இடது பின் சக்கரம் ஆகிய இரண்டின் மேலும் விழும் எடை கூடினால் கார் டைட் ஆகும். குறைந்தால் லூஸ் ஆகும். பிட்டில் ஒரு சுற்றோ அரைச் சுற்றோ திருகுவது இதற்காகத்தான்.

பல ஓட்டுநர்கள் ‘கார் சரியில்லை’ என்று மட்டும் சொல்வார்கள். குல்விக்கி வளைவின் நுழைவிலா, நடுவிலா, வெளியேறும்போதா என்று பிரித்துச் சொல்லி, எந்த ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும் என்றும் சொல்வார். அவரது படிப்பின் பயன் அங்கேதான் தெரிந்தது.

5. விஸ்கான்சின் பையன் தெற்கே போய் எப்படிச் சேர்ந்தார்?

13 வயதில் கார்ட் வண்டி. பிறகு ஸ்லிங்கர், காக்கானா போன்ற விஸ்கான்சின் குறுந்தளங்களில் லேட் மாடல் எனும் வகை ஸ்டாக் கார்கள். அதன்பின் ஏ.எஸ்.ஏ. என்ற பிராந்தியத் தொடர். நாஸ்கார் குழுக்கள் பெரும்பாலும் வட கரோலினாவின் சார்லட் நகரைச் சுற்றியே இருந்தன. அங்கே தெரிந்தவர் இல்லாதவனுக்கு யாரும் கார் தரமாட்டார்கள்.

1985-இல் தன் குறுந்தளக் கார்கள், கருவிகள் பெரும்பாலானவற்றை விற்றார். புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது மின்கசிவுத் தீயில் அவருடைய டிரக் எரிந்துபோனது. வேறொரு வண்டியைக் கடன் வாங்கி, சாமான்களை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் போனார். அந்த செப்டம்பரில் ரிச்மண்டில் பில் டெரி என்பவரின் காரில் முதல் வின்ஸ்டன் கோப்பைப் பந்தயம்.

6. காசு இல்லாம சொந்தக் குழு எப்படி நடத்தினார்?

1986-இன் நடுவில் பில் டெரி விலகிக்கொள்ள, குழுவை குல்விக்கியே ஏற்றுக்கொண்டார். கையில் இருந்தது ஒரு கார், இரண்டு இன்ஜின், இரண்டு முழுநேர ஆட்கள். எதிரே இருந்த பெரிய குழுக்களிடம் ஒவ்வொரு வகைத் தளத்துக்கும் தனித்தனிக் கார் இருந்தது.

ஒரே கார் என்றால் ஓட்டும் விதமே மாறிவிடும். ஞாயிறு சுவரில் மோதினால் அடுத்த ஞாயிறு பந்தயம் இல்லை. பந்தயம் இல்லையென்றால் பரிசுப் பணம் இல்லை. பணம் இல்லையென்றால் டயர் இல்லை. ஆகவே ஆபத்தான இடத்தில் முந்தாமல், காரை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஆண்டு அவர் சராசரியாகப் பதினைந்தாம் இடத்தையொட்டி முடித்து, சிறந்த புதுமுகம் விருதைப் பெற்றார். அவரது ஐந்து வெற்றிகளுக்கு இணையாக நாங்கள் மதிப்பது இதைத்தான்.

7. யாரோடயும் ஒத்துப்போகமாட்டார்னு கேள்விப்பட்டோம், உண்மையா?

பாதி உண்மை. ஷாக் அப்சார்பர் பொருத்துவதிலிருந்து ஸ்பான்சர் கடிதம் வரை எல்லாவற்றையும் தானே பார்க்க நினைப்பவர். அதனால் குழுவில் ஆட்கள் வந்து வந்து போனார்கள். பின்னாளில் ஓட்டுநர் ஜெஃப் கார்டனின் குழுத் தலைவராகப் புகழ்பெற்ற ரே எவர்ன்ஹாமே 1992 தொடக்கத்தில் சில வாரங்கள் இங்கே வேலை செய்துவிட்டு விலகியவர்தான்.

ஆனால் 1988-இல் சேர்ந்த குழுத் தலைவர் பால் ஆண்ட்ரூஸ் கடைசிவரை இருந்தார். குல்விக்கிக்கு அவர் மேல் இருந்த நம்பிக்கை இல்லாமல் 13-ஆம் கேள்வியில் வரும் முடிவை எடுத்திருக்கவே முடியாது.

8. ஜெயிச்சதும் எதிர்த்திசையில சுத்துவாரே, அது எதுக்கு?

1988 நவம்பரில் ஃபீனிக்ஸ் தளத்தில் முதன்முறையாக நடந்த வின்ஸ்டன் கோப்பைப் பந்தயம். பெரும்பகுதி முன்னிலையில் இருந்த ரிக்கி ரட்டின் இன்ஜின் கடைசிக் கட்டத்தில் பழுதாக, குல்விக்கி தன் முதல் வெற்றியைப் பெற்றார். உடனே காரைத் திருப்பி, பந்தயத் திசைக்கு எதிராக ஒரு சுற்று மெதுவாக ஓட்டினார். தான் போலந்து வம்சாவளி என்பதால் அதற்கு ‘போலிஷ் விக்டரி லேப்’ என்று பெயர் வைத்தார்.

காரணம் எளிது. ஓவலில் கார்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். ஓட்டுநரின் ஜன்னல் இடப்பக்கம் இருப்பதால் அது மைதானத்தின் உட்புறத்தைப் பார்த்திருக்கும். திசையைத் திருப்பினால் ஜன்னல் பார்வையாளர் மாடத்தின் பக்கம் வந்துவிடும், மக்களைப் பார்த்துக் கையசைக்கலாம். முதல் வெற்றிக்கு ஒருமுறை, பட்டம் வென்றதற்கு ஒருமுறை அவர் இதைச் செய்தது நிலைத்துவிட்டது.

9. ஒரு மில்லியன் டாலர் வேலையை வேண்டாம்னாராமே? ஏன்?

ஜூனியர் ஜான்சன் பல சாம்பியன்களை உருவாக்கிய முதலாளி. 1991-க்குத் தன் காரை ஓட்ட ஒரு மில்லியன் டாலர் தருவதாகச் சொன்னார். குல்விக்கி மறுத்தார். வேறொருவர் காரில் தன் விருப்பப்படி அமைப்பை மாற்ற முடியாது என்பது அவர் எண்ணம்.

மறுத்ததற்கு விலை கொடுத்தார். அவருக்கு வருவதாக இருந்த மேக்ஸ்வெல் ஹவுஸ் காபி நிறுவனத்தின் ஸ்பான்சர் ஜான்சன் பக்கம் போய்விட்டது. 1991 டேடோனா 500 பந்தயத்தில், வளைகுடாப் போர் நேரம், அமெரிக்கத் தரைப்படையின் பெயரைத் தாங்கி ஓட்டினார். பிறகு சில பந்தயங்கள் விளம்பரமே இல்லாத வெறும் கார். மார்ச்சில் அட்லாண்டாவில் ஹூட்டர்ஸ் உணவக நிறுவனம் ஆதரித்த வேறொரு கார் தகுதிபெறவில்லை. அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் குல்விக்கியுடன் ஒப்பந்தம் போட்டார்கள். எட்டாவதாக வந்தார். ஒப்பந்தம் நீண்டது. அதே ஆகஸ்டில் பிரிஸ்டலில் வென்றார்.

1992-இல் பட்டத்துக்காக அவரோடு கடைசிச் சுற்றுவரை மோதிய பில் எலியட் ஓட்டியது, அதே ஜூனியர் ஜான்சனின் காரைத்தான்.

10. பாயின்ட் கணக்கு சுத்தமா புரியலை. சிம்பிளா சொல்லுங்க.

அப்போதைய முறை இதுதான். வெற்றிக்கு 175, இரண்டாம் இடத்துக்கு 170, மூன்றாவதுக்கு 165 என்று ஆறாம் இடம்வரை ஐந்தைந்தாகக் குறையும். ஏழு முதல் பதினொன்றுவரை நான்கு நான்காக, அதற்குக் கீழே மூன்று மூன்றாக. இதோடு இரண்டு போனஸ்: ஒரு சுற்றிலாவது முன்னிலை வகித்தால் 5, அந்தப் பந்தயத்தில் எல்லோரையும்விட அதிகச் சுற்றுகள் முன்னிலை வகித்தவருக்கு இன்னொரு 5. ஆண்டு முடிவில் சமநிலை வந்தால், அதிக வெற்றி பெற்றவருக்குப் பட்டம்.

இதிலிருந்து ஒன்று புரியும். வெற்றிக்கும் இரண்டாம் இடத்துக்கும் வித்தியாசம் வெறும் ஐந்துதான். ஆனால் இன்ஜின் போய் முப்பதாம் இடத்தில் முடித்தால் 73 மட்டுமே. எப்போதாவது வெல்பவரைவிட ஒவ்வொரு வாரமும் முடிப்பவருக்கு இந்த முறை சாதகம்.

11. செப்டம்பர்ல 278 பாயின்ட் பின்னாடி இருந்தவர் எப்படி மேல வந்தார்?

1992 செப்டம்பரில் டோவர் பந்தயத்தில் மோதி 34-ஆம் இடத்தில் முடித்தார். எலியட்டைவிட 278 பின்னால், மிச்சம் ஆறு பந்தயங்கள். பத்திரிகைகள் அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அந்த ஆறில் அவர் முடித்த இடங்கள்: மார்ட்டின்ஸ்வில் 5, நார்த் வில்க்ஸ்பரோ 12, சார்லட் 2, ராக்கிங்ஹாம் 12, ஃபீனிக்ஸ் 4, அட்லாண்டா 2. வெற்றி ஒன்றுகூட இல்லை, மோசமான நாளும் ஒன்றுகூட இல்லை. எலியட்டோ நான்கு பந்தயங்களில் 25-ஆம் இடத்துக்கும் கீழே போனார். அட்லாண்டாவுக்கு முன் நிலவரம்: டேவி அல்லிசன் 3,928, குல்விக்கி 3,898, எலியட் 3,888. இவர்களுக்குப் பின்னால் ஹாரி கேன்ட், கைல் பெட்டி, மார்க் மார்ட்டின் மூவருக்கும் கணக்களவில் வாய்ப்பு இருந்தது. ஆறு பேர் கடைசி நாளுக்குள் பட்ட வாய்ப்போடு வருவது அபூர்வம்.

12. ‘அண்டர்பேர்டு’ன்னு கார்ல எழுதியிருக்கே, எழுத்துப் பிழையா?

இல்லை. வாய்ப்புக் குறைந்தவரை ஆங்கிலத்தில் ‘அண்டர்டாக்’ என்பார்கள். தன் நிலை அதுதான் என்று காட்ட, ஃபோர்டின் அனுமதியோடு முன் பம்பரில் ‘தண்டர்பேர்டு’ என்ற பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை நீக்கினார். மைட்டி மவுஸ் கார்ட்டூன் எலியின் படமும் கூடவே இருந்தது.

13. அட்லாண்டாவுல என்னதான் நடந்துச்சு? வரிசையா சொல்லுங்க.

1992 நவம்பர் 15. தளத்தின் நீளம் 1.522 மைல், மொத்தம் 328 சுற்று. ரிச்சர்ட் பெட்டிக்குக் கடைசிப் பந்தயம், ஜெஃப் கார்டனுக்கு முதல் பந்தயம். குல்விக்கி 14-ஆம் இடத்திலிருந்து புறப்பட்டார். முதல் பிட் நிறுத்தத்திலேயே முதல் கியர் உடைந்தது (அதை அடுத்த பதிலில் பாருங்கள்). ஏறத்தாழ 75 சுற்று மிச்சமிருக்கும்போது எர்னி இர்வனின் கார் தன் முன்னால் சுழல, அல்லிசன் அதில் மோதிப் பட்டப் போட்டியிலிருந்து விழுந்தார். மிச்சம் குல்விக்கியும் எலியட்டும்.

அங்கிருந்து யார் முதலில் முடிப்பார் என்பதோடு, அதிகச் சுற்று முன்னிலை வகித்தது யார் என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. இருவருமே கடைசியாக ஒருமுறை பெட்ரோல் நிரப்ப நிறுத்த வேண்டும். குல்விக்கி முன்னிலையில் இருந்தார். சீக்கிரம் நிறுத்தினால் போனஸ் போகும். மிகத் தாமதித்தால் டேங்க் காலியாகி வழியில் நிற்கும். டாஷ்போர்டில் முள் இல்லை என்று 2-ஆம் பதிலில் சொன்னோம். பிட்டில் கணக்குப் போட்டு, 310-ஆம் சுற்றுவரை தாக்குப்பிடித்துவிட்டுத்தான் அவரை உள்ளே அழைத்தார்கள். அதற்குள் 103 சுற்றுகள் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டன. எலியட் இனி முடிவுவரை முன்னிலையில் இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது.

மிச்சம் 18 சுற்று, 44 கிலோமீட்டர். இந்தக் கார் லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர்தான் போகும். ஆக 22 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவை. டயரைத் தொடவில்லை, பெட்ரோல் மட்டும் ஊற்றி அனுப்பினார்கள். எலியட் வென்றார். குல்விக்கி ஆக்ஸிலரேட்டரை அளந்து மிதித்து இரண்டாவதாக வந்தார். எலியட் முன்னிலை வகித்தது 102 சுற்று.

14. முதல் கியர் இல்லாம பிட்லேர்ந்து எப்படி வெளியே வந்தார்?

நான்காவது கியரிலேயே. கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் இதற்குத் தெளிவான காரணம் உண்டு. உடைந்த பல்லின் துண்டு கியர்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. கியரை மாற்ற மாற்ற அந்தத் துண்டு நகர்ந்து வேறு இரண்டு பற்களுக்கு நடுவில் சிக்கினால் மொத்தப் பெட்டியும் நொறுங்கிவிடும். நான்காவது கியரில் சக்தி நேராகக் கடந்துபோகிறது. மற்ற கியர்களின் மேல் சுமை விழாது. ஆகவே ஆபத்து குறைவு.

ஆனால் நின்ற காரை நான்காவதில் கிளப்பினால் இன்ஜின் அணைந்துவிடும். ஆட்கள் பின்னாலிருந்து தள்ள வேண்டும், ஓட்டுநர் கிளட்சை மெல்ல மெல்ல விட வேண்டும், இன்ஜின் சுழற்சியை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். சற்று அவசரப்பட்டால் கிளட்ச் கருகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதனால் சில வினாடி இழப்பு. பந்தயத்தின் மிச்சம் முழுக்க இப்படித்தான் ஓட்டினார்.

15. ரேஸை ஜெயிச்சது எலியட், அந்த வருஷம் ஐந்து வெற்றியும் எலியட்டுக்கு. பட்டம் மட்டும் இவருக்கா? நியாயமா?

கணக்கைப் பாருங்கள். எலியட்: 3,888 + 175 + 5 = 4,068. குல்விக்கி: 3,898 + 170 + 5 + 5 = 4,078. பத்துப் புள்ளி வித்தியாசம். அந்த 103-102 தலைகீழாக மாறியிருந்தால் இருவருக்கும் சரியாக 4,073. சமநிலை என்றால் அதிக வெற்றி பெற்றவருக்கு. எலியட்டுக்கு ஐந்து, குல்விக்கிக்கு இரண்டு. பட்டம் போயிருக்கும். ஒரே ஒரு சுற்று கைமாறினால் போதும் என்ற நிலை.

நியாயமா என்றால், விதி எல்லோருக்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்ததுதான். அந்த விதியைக் கடைசி அரை மணி நேரத்தில், உடைந்த கியர்பெட்டியோடு, இவ்வளவு நுணுக்கமாகப் பயன்படுத்தியது அதிர்ஷ்டம் அல்ல என்பதே எங்கள் தீர்மானமான கருத்து.

16. அல்லிசன் மோதாம இருந்திருந்தா?

அல்லிசனுக்கு ஐந்தாம் இடம் போதுமானது. 3,928 + 155 = 4,083. குல்விக்கி வென்று எல்லா போனஸும் எடுத்தாலும் 3,898 + 185 = 4,083. சமநிலையில் அல்லிசனின் ஐந்து வெற்றிகள் ஜெயிக்கும். ஆகவே அந்த மோதல் இல்லையென்றால் பெரும்பாலும் பட்டம் அல்லிசனுக்குத்தான். இதை மறைக்க வேண்டியதில்லை. அதே நேரம், மற்றவர் விழும்போது பிடித்துக்கொள்ளும் தூரத்தில் இருப்பதற்கு 11-ஆம் பதிலில் சொன்ன ஆறு வாரங்கள் தேவைப்பட்டன.

17. 24 போல் எடுத்தவர் ஐந்து தடவைதான் ஜெயிச்சாரா? எங்கே தவறு?

தகுதிச் சுற்று என்பது தனியாக, புது டயரில், ஓரிரு சுற்று. காரின் அமைப்பைத் துல்லியமாகக் கணிப்பவருக்கு அது சொந்த வீடு. பந்தயம் என்பது மூன்று நான்கு மணி நேரம். அங்கே இன்ஜினின் ஆயுளும் பிட் ஆட்களின் கையும் முடிவெடுக்கும். 1989-இல் இன்ஜினையும் சொந்தப் பட்டறையிலேயே கட்டத் தொடங்கினார். அந்த ஆண்டு ஆறு போல் எடுத்தார், ஆனால் இன்ஜின் அடிக்கடி பழுதாகி ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. வேகத்தையும் ஆயுளையும் ஒரே இன்ஜினில் கொண்டுவர நிறைய இன்ஜின்களை உடைத்துப் பார்க்கப் பணம் வேண்டும். சிறிய குழுவிடம் அது இல்லை.

18. ரேஸ்ல விபத்தாகித்தான் இறந்தாரா?

இல்லை. 1993 ஏப்ரல் 1, வியாழக்கிழமை. நாக்ஸ்வில்லில் ஸ்பான்சரின் நிகழ்ச்சி ஒன்றை முடித்துக்கொண்டு, ஞாயிறன்று நடக்கவிருந்த பிரிஸ்டல் பந்தயத்துக்காக ஹூட்டர்ஸ் நிறுவனத்தின் சிறிய டர்போபிராப் விமானத்தில் போனார். டென்னசியில் பிளவுன்ட்வில் அருகே, தரையிறங்க நெருங்கும்போது விழுந்தது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தனர்.

உறைகுளிர் மேகத்தில் பறக்கும்போது இன்ஜினின் காற்று நுழைவாயில் ஓரத்தில் பனிக்கட்டி படியும். அதை உருக்கும் அமைப்பை இயக்காவிட்டால் கட்டி பெயர்ந்து உள்ளே போய் இன்ஜினின் சக்தியைக் குலைத்துவிடும். அந்த அமைப்பை உரிய முறைப்படி பயன்படுத்தாததே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது.

மறுநாள் பிரிஸ்டலில், மழையில், அவருடைய காரை ஏற்றிவரும் பெரிய டிரக் முன்பக்கம் கறுப்பு மலர்வளையத்தோடு ஓடுதளத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு வெளியே போனது. ஞாயிறு வென்ற ரஸ்டி வாலஸ் எதிர்த்திசையில் ஒரு சுற்று ஓட்டினார். அதே ஜூலையில் டேவி அல்லிசனும் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அந்த ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் வாலஸும் சாம்பியன் டேல் எர்ன்ஹார்ட்டும் 7, 28 என்ற இருவரின் எண் பொறித்த கொடிகளோடு சேர்ந்து எதிர்த்திசையில் சுற்றினார்கள்.

19. குழு என்ன ஆச்சு? அவரை இப்போ யாராவது நினைக்கிறாங்களா?

குழுவை ஜெஃப் போடைன் வாங்கி, 7-ஆம் எண்ணிலேயே ஓட்டினார். 1994-இல் மூன்று பந்தயங்கள் வென்றார். குல்விக்கிக்கு 2019-இல் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. அதே ஆண்டு டேவி அல்லிசனும் ஜெஃப் கார்டனும் அங்கே இடம் பெற்றார்கள். 2015 முதல் அவர் பெயரில் ஒரு திட்டம், குறுந்தளங்களில் ஓட்டும் இளைஞர்களுக்கு உதவுகிறது. பணமில்லாத விஸ்கான்சின் பையனுக்கு அன்று கிடைக்காதது அதுதான் என்பதால், எல்லா நினைவுச் சின்னங்களிலும் பொருத்தமானது இதுவே.

20. இன்னைக்கு ஒருத்தர் தனியா இப்படி ஜெயிக்க முடியுமா?

முதலாளியே ஓட்டுநராக இருந்து பட்டம் வென்றது குல்விக்கிக்கு முன் 1979-இல் ரிச்சர்ட் பெட்டி, பின் 2011-இல் டோனி ஸ்டீவர்ட். ஸ்டீவர்ட்டுக்குப் பெரிய தொழிலதிபர் ஒருவர் பங்குதாரர். ஒரே கார், இரண்டு இன்ஜின் கதை அல்ல. 2016-இல் வந்த சார்ட்டர் முறைப்படி நிரந்தர இடத்துக்கே பெரும் தொகை கொடுக்க வேண்டும். 2022 முதல் காரின் முக்கியப் பாகங்களை எல்லாக் குழுக்களும் குறிப்பிட்ட நிறுவனங்களிடமே வாங்க வேண்டும் என்பதால், பட்டறையில் புதிதாக ஒன்றைச் செய்து முந்துவதற்கும் இடம் சுருங்கிவிட்டது. அதிகச் சுற்று முன்னிலைக்கான போனஸும் 2017-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே முடியாது என்றே சொல்வோம்.

21. நம்ம ஊர்க்காரங்க யாராவது நாஸ்கார் ஓட்டியிருக்காங்களா?

கோவையின் நரேன் கார்த்திகேயன். 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் மார்ட்டின்ஸ்வில்லில் அறிமுகமாகி 13-ஆம் இடத்தில் முடித்தார். குல்விக்கி ஓட்டிய உச்சப் பிரிவு அல்ல, ஆனால் அதே ஓடுதளம்.

22. அட்லாண்டா ரேஸ் பதிவைப் பார்க்கப்போறேன். எதையெல்லாம் கவனிக்கணும்?

முன் பம்பரில் ‘அண்டர்பேர்டு’. ஒவ்வொரு பிட் நிறுத்தத்திலும் ஆட்கள் 7-ஆம் எண் காரைத் தள்ளுவதும், அது திணறிக் கிளம்புவதும். பந்தயத்தின் முதல் மூன்றிலொரு பங்குக்குள் ரிச்சர்ட் பெட்டியின் 43-ஆம் எண் கார் மோதித் தீப்பிடிக்கும். அதே காரை ஒட்டுப்போட்டுக் கடைசிச் சுற்றுகளுக்கு அவர் கொண்டுவருவார். பிறகு 300-ஆம் சுற்றிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். வர்ணனையாளர்கள் பெட்ரோலைப் பற்றிப் பேசும்போது 7-ஆம் எண் கார் இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று பிட்டுக்குள் வராமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

கொடி விழுந்ததும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். எதிர்த்திசைச் சுற்றை முடித்துக் காரை நிறுத்திய பின்னும் அவர் இறங்கமாட்டார். நாடே தொலைக்காட்சியில் காத்திருக்கும். உள்ளே அவர் சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொண்டிருப்பார்.